கல் கொட்டுவதற்கு முன்: வடசென்னைக் கரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போனால், பல இடங்களில் கடலுக்கு முன்னால் கருங்கல்தான் கண்ணில் படும். நம் பக்கம் செங்குத்தான மேட்டுக்கரை கிடையாது. ஒரு பக்கம் கடலோர மணல், இன்னொரு பக்கம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய சேற்று மண் கரை. இரண்டுமே அரிக்கும். அதைத் தடுக்கப் போய் அரிப்பைக் கூட்டிக்கொள்வதும் நடக்கிறது.

அதில் முதல் தவறு, அரிக்கிற இடத்தை மட்டும் பார்ப்பது. சென்னைக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. மீனவர்கள் இந்த நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறி, தெற்கு நோக்கி ஓடும் வன்னி வரும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1870களில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கியதும், அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். சுண்டல் சாப்பிட்டபடி நீங்கள் நடக்கும் அந்த மணலில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பங்கு உண்டு!

கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் சின்ன அளவில் இதையே செய்கிறது. அது மணலை உண்டாக்குவதில்லை, போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. தெற்குப் பக்கத்தில் படகு ஏற்ற இடம் கிடைக்கும், வடக்குப் பக்கத்துக் குப்பம் கரையும். உடனே அவர்களும் ஒன்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் வரிசையின் கடைசி வளைவுக்கு வடக்கே இருப்பவர்கள் தலையில்தான் அத்தனையும் விடியும். கட்டியே ஆகவேண்டும் என்றால், வடக்கே போகப் போக நீளத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். வளைவுகளுக்கு இடையே தொடக்கத்திலேயே வெளி மணலைக் கொட்டி நிரப்பிவிட்டால், போகிற மணல் தடைபடாமல் அடுத்த ஊருக்குப் போகும். செலவு கூடும் என்று இந்த மணல் வேலையைக் கைவிடுவது, என் பார்வையில், பாதி வேலைக்கு முழுப் பணம் கொடுப்பது.

கல் சுவர் கட்டினால் கடற்கரை தங்கும் என்பது அடுத்த தப்புக் கணக்கு. சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் சாலையையும் வீட்டையும்தான் காக்கும், முன்னால் இருக்கும் மணலை அல்ல. மோதித் திரும்பும் அலை சுவரின் அடியைத் தோண்டும். ஏறத்தாழ அலையின் உயரம் அளவுக்கே பள்ளம் விழலாம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அந்த ஆழம் வரை அடிக்கல் இறங்கியிருக்க வேண்டும். கல்லின் எடையிலும் கவனம் வேண்டும். அலை உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். அமைதியான நாளில் பார்த்து 'இது போதும்' என்று இறக்கிய கல்லைப் புயல் உருட்டிவிடும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு உண்டு. சுவரின் பின்பக்கம் தரையைப் பாருங்கள். நண்டு வளை மாதிரி ஓர் ஓட்டை, பக்கத்தில் தார் லேசாக உள்வாங்கியிருக்கும். அது நண்டின் வேலை இல்லை. ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது கல் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சி எடுக்கிறது. மேலே எல்லாம் சரியாக இருக்கும், அடியில் காலி. பெருங்கல்லுக்குக் கீழே வடிகட்டித் துணியோ, படிப்படியாகச் சின்ன ஜல்லி அடுக்கோ போடாததுதான் காரணம். சுவர் சரிந்த பிறகு மேலே இன்னும் நாலு லாரி கல் கொட்டுவார்கள். ஓட்டை அப்படியே இருக்கும்.

சிமெண்ட் சாக்கில் மணல் கட்டி அடுக்குவது அவசரத்துக்குச் சரி. வெயிலில் சாக்கு சில மாதத்தில் நைந்து நாராகி, பிளாஸ்டிக் இழை வலையில் சிக்கும். அந்த மணலையும் அதே கரையில் அள்ளியிருந்தால் பேச்சே வேண்டாம். கட்டட இடிபாடுகளும் ஆகாது. துண்டு துண்டாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்து நிற்காது, கம்பி காலைக் கிழிக்கும்.

அப்புறம் ஆற்றங்கரை. வெள்ளம் ஏறும்போதுதான் கரை உடையும் என்று நினைக்கிறோம். பல நேரம் வடியும்போதுதான் சரிகிறது. மண் ஊறிக் கனத்திருக்க, தாங்கி நின்ற நீர் சட்டென இறங்கிவிடும். அதனால் கான்கிரீட் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் வேண்டும், அவற்றுக்குப் பின்னால் ஜல்லி வேண்டும். தெருக் கழிவுநீர்க் குழாயைக் கரைச் சரிவில் திறந்துவிடுவதும் அதே கெடுதியைத்தான் செய்யும். ஆற்றின் வளைவில் வெளிக்கரைதான் அரிக்கும். அங்கே மட்டும் கல் போட்டு, இரண்டு முனைகளையும் கரைக்குள் புதைக்காமல் விட்டால், தண்ணீர் முனையைச் சுற்றிப் பின்னால் வந்துவிடும்.

செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மணல் மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் இருந்தால் அவற்றை 'சுத்தம்' செய்யாதீர்கள், பறக்கும் மணலைப் பிடித்துச் சேர்ப்பவை அவைதான். கழிமுகச் சேற்றில் கண்டல் மரங்கள் கைகொடுக்கும். ஆனால் அலை நேராக அறையும் இடத்தில் நட்டால் வேர் பிடிக்காது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும். திட்டம் உங்கள் ஊருக்கு வரும்போது வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வடிகட்டி அடுக்கு எங்கே, அடிக்கல் எவ்வளவு ஆழம், வடக்கு முனைக்கு அடுத்த குப்பத்தில் யாரிடம் பேசினார்கள் என்று கேளுங்கள்.