போர்க்காலக் கப்பலின் பழைய படத்தைப் பதிவில் போடலாமா? படிப்படியாகப் பார்ப்போம்

1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில், 88-ஆம் எண் கப்பல்துறையில் நின்றிருந்த நார்மண்டி தீப்பிடித்தது. 1935-ல் கன்னிப் பயணம் போன பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் அது. அமெரிக்கா அதைக் கையகப்படுத்தி, லஃபாயெட் என்று பெயர் மாற்றி, படைவீரர்களை ஏற்றிச் செல்லத் தயார்செய்துகொண்டிருந்தது. இரும்பு வெட்டும் கருவியிலிருந்து தெறித்த பொறி, இலவம் பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிகளின் குவியலில் பற்றிக்கொண்டது. அணைக்க அடித்த தண்ணீரின் கனத்திலேயே மறுநாள் அதிகாலை கப்பல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.

நகரத்தின் கண்ணெதிரே நடந்ததால் கடற்படையும் படம் எடுத்தது, பத்திரிகைகளும் எடுத்தன. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படங்களில் ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், இன்னொன்றுக்கு உரிமைக்காரர் இருக்கலாம். நார்மண்டி பற்றி நீங்கள் ஒரு பதிவு எழுதுவதாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படி 1: எடுத்தவர் யார்?

நம் பதிவுகளில் "நன்றி: கூகுள்" என்று போடும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். கூகுள் தேடிக் கொடுத்ததே தவிர, படம் எடுக்கவில்லை. மேலும், நன்றி சொல்வது அனுமதி வாங்கியதாக ஆகாது.

படத்தை வைத்தே தேடும் வசதியில் அதைப் போட்டு, ஏதாவது ஆவணக் காப்பகத்தின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 80-ஜி என்று தொடங்கும் எண் இருந்தால், அது அந்தக் காலக் கடற்படைப் படத் தொகுப்பைச் சேர்ந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. படக்குறிப்பிலும் கடற்படையே எடுத்தது என்று இருந்தால் எடுத்துப் போடுங்கள், வேலை முடிந்தது.

ஆனால் அரசுக் காப்பகத்தில் இருப்பதெல்லாம் அரசு எடுத்த படம் அல்ல. தனியார் நன்கொடையாகக் கொடுத்தவையும் செய்தி நிறுவனங்களின் படங்களும் அங்கே உண்டு. ஆகவே படத்தின் கீழே இருக்கும் குறிப்பை முழுவதும் படியுங்கள்.

படி 2: உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பத்திரிகைப் படம் என்று தெரிந்தால், எப்போது வெளியானது என்று பாருங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமை முதலில் 28 ஆண்டுகள்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். 1942 பிப்ரவரியில் வெளியான பத்திரிகையின் உரிமையை யாராவது புதுப்பித்தார்களா என்பதை 1969, 1970 ஆண்டுகளின் பதிவேடுகளில் தேடலாம். அந்தப் பதிவேடுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. புதுப்பித்திருந்தால் மொத்தம் 95 ஆண்டுகள், அதாவது 2037 முடியும்வரை உரிமை உண்டு. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அங்கே அது பொதுச் சொத்து.

படி 3: நான்கு கேள்விகள்

உரிமை இருக்கிறது, அனுமதியும் இல்லை என்றால்தான் நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு, என்ற பேச்சே வருகிறது. பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது. அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

முதலாவது நோக்கம். பதிவின் தலையில் அழகுக்காகப் படத்தை வைப்பது பலவீனமான காரணம். எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கியது, கப்பல் ஏன் துறைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்தது என்று அந்தப் படத்தையே காட்டி விளக்கினால் உங்கள் பக்கம் வலுவாகும். அசல் படம் எதற்காக இருந்ததோ அதே வேலைக்கே அதைப் பயன்படுத்துவது, அதுவும் வணிக நோக்கில், உங்களுக்கு எதிராகப் போகும் என்பதை 2023-ல் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் படைப்பு தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது.

இரண்டாவது, படத்தின் தன்மை. ஏற்கெனவே வெளியான செய்திப் படம் என்பதால் இது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகம்.

மூன்றாவது அளவு. இத்தனை சதவீதம் வரை எடுக்கலாம் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. புகைப்படம் என்றால் முழுசாகக் காட்டினால்தான் புரியும். ஆனால் சிறிய அளவில் காட்டலாமே. ராக் இசைக்குழு ஒன்றின் வரலாற்று நூலில் கச்சேரிச் சுவரொட்டிகள், நுழைவுச்சீட்டுகளின் ஏழு படங்களைச் சிறிதாக்கி, காலவரிசையோடு சேர்த்து அச்சிட்ட பதிப்பகத்துக்குச் சாதகமாக 2006-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவரொட்டியாக அச்சடிக்கும் தரத்தில் படத்தைப் போட்டுவிட்டு அந்த வாதத்தைச் சொல்ல முடியாது.

நான்காவது சந்தை. செய்திப்பட நிறுவனங்கள் பழைய படங்களை இன்றும் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. நீங்கள் இலவசமாகப் போடுவது அந்த விற்பனையைப் பாதிக்குமா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். நார்மண்டி விஷயத்தில் கடற்படை எடுத்த படம் கிடைக்கும்போது பத்திரிகைப் படத்தைத்தான் போடுவேன் என்று நிற்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பத்திரிகைப் படத்தில் மட்டுமே தெரியும் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதினால் அது வேறு.

படி 4: காரணத்தை எழுதி வையுங்கள்

படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், யார் எடுத்தது, ஏன் வேறு படம் போதாது, எந்த அளவுக்குச் சிறிதாக்கினீர்கள் என்பதை நாலு வரியில் எழுதிச் சேமியுங்கள். பதிவில் படக்குறிப்பு இப்படி இருக்கலாம்: "சாய்ந்து கிடக்கும் லஃபாயெட் (முன்பு நார்மண்டி), நியூயார்க், 1942. படம்: அமெரிக்கக் கடற்படை, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம்." கூடவே காப்பக எண்ணையும் போட்டால், அடுத்துத் தேடுபவருக்குப் பெரிய உதவி.

படி 5: எங்கே ஏற்றுகிறீர்கள்?

விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்கான பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சில் நியாயமான பயன்பாடு என்ற காரணமே செல்லாது. முழுக்கக் கட்டற்ற, அதாவது யாரும் எடுத்தாளக்கூடிய, படங்கள் மட்டும்தான். ஆங்கில விக்கிப்பீடியா கடுமையான நிபந்தனைகளோடு ஏற்கிறது.

நாட்டுக்கு நாடும் சட்டம் மாறும். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டத்தில் அமெரிக்காவைப் போலவே நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன. இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று அனுமதிக்கும் நோக்கங்களைப் பட்டியலிடுகிறது. உங்கள் பயன்பாடு அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும். புத்தகமாக அச்சிடப் போகிறீர்கள், பணம் வரும் என்றால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உரிமைக்காரர் யாரென்று தெரிந்தால் அவருக்கே எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது; திரும்ப முதல் படிக்குப் போய் வேறு படம் தேடுங்கள்.