முதலில் ஆட்டோவைத் திருப்பி அனுப்புங்கள்

11 ஆண்டுகள் ஆம்புலன்ஸில் டெக்னீஷியனாக இருந்தேன். தஞ்சாவூர் சுற்றுவட்டாரம்தான். யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று அழைப்பு வரும். போய் இறங்கினால் ஆளைக் காணோம். "இப்பதான் சார் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனாங்க" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் இதயம் நின்றுபோனவரைப் பின்சீட்டில் மடித்துக் கிடத்தி, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோனால் அவ்வளவு நேரமும் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாழாகத் தொடங்கிவிடும். ஓடுகிற ஆட்டோவில் நெஞ்சை அழுத்தவும் முடியாது. அதனால் விழுந்த இடத்திலேயே, நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கிற முதலுதவியை (சி.பி.ஆர்.) ஆரம்பியுங்கள்.

இதயம் நின்றுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவு இல்லையா? நெஞ்சைப் பாருங்கள், சீராக ஏறி இறங்குகிறதா என்று. பத்து விநாடிக்கு மேல் பார்க்க வேண்டாம். நாடி பிடித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். பதற்றத்தில் உங்கள் நாடியே உங்கள் விரலில் துடிக்கும்.

இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலர் வாயைத் திறந்து, தாடையை ஆட்டி, தண்ணீரை விட்டு வெளியே எடுத்த மீன் போல 'ஹக்' என்று இழுப்பார்கள். ஒரு இழுப்பு, அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நிம்மதியாகி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார்கள். அது மூச்சே இல்லை. ஆள் சுயநினைவில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விழுந்தவுடன் சில விநாடிகள் கைகால் வெட்டி இழுக்கலாம். உடனே யாராவது வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். வலிப்புக்கே சாவியால் பயன் இல்லை, இதற்கு எங்கே?

சரி, கூட்டத்தில் பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் யாரும் செய்யமாட்டார்கள். நீலச் சட்டை அண்ணன் 108-ஐக் கூப்பிடட்டும் என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் நீங்களே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். ஒரு பையனைத் தெருமுனையில் நிறுத்துங்கள். அடுக்குமாடி என்றால் ஒருவர் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நாயைக் கட்டிவையுங்கள்; நான் கடிபட்டவன்.

இனி அழுத்தம். கட்டில் மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். நடுநெஞ்சில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக்கூடாது. தோள் நேர்மேலே வரட்டும். சப்பாத்தி மாவு பிசைவதுபோல் கையால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துபோவீர்கள். உடம்பு பாரம் இறங்க வேண்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது கடிகாரத்தின் விநாடி முள் ஒருமுறை நகர்வதற்குள் ஏறத்தாழ இரண்டு. ஒவ்வொரு முறையும் நெஞ்சை முழுசாக எழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். விலா எலும்பு 'மடக்' என்று ஒடியலாம். நிறுத்தாதீர்கள். எலும்பு கூடிவிடும்.

விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத்துகிற இடமும் முறையும் அவர்களுக்கும் அதேதான். மானம் பார்க்கிற நேரமில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், இடைவெளி இல்லாமல். பழகாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். குழந்தைகளும் தண்ணீரில் மூழ்கியவர்களும் வேறு கணக்கு. அவர்களுக்கு மூச்சு நின்றதுதான் முதல் காரணம் என்பதால், தெரிந்தவர்கள் 30 அழுத்துக்கு 2 முறை ஊதவும் வேண்டும்.

ரயில் நிலையம், மால் போன்ற இடங்களில் ஏ.இ.டி. பெட்டி (இதயத்துக்கு மின் ஷாக் கொடுத்துத் துடிப்பைத் திருப்புகிற கருவி) இருந்தால் ஓடிப்போய்க் கொண்டுவரச் சொல்லுங்கள். திறந்து ஸ்விட்ச் போட்டால் அதுவே பேசும். வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது கழுத்தெலும்புக்குக் கீழும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், பட்டை மேல் படாமல் ஒதுக்கினால் போதும். தேவையில்லாத ஆளுக்கு அது ஷாக் கொடுக்காது. "தொடாதீர்கள்" என்று அது சொல்லும்போது எல்லோரும் விலகுங்கள், ஷாக் முடிந்தவுடன் மறுபடி அழுத்துங்கள். அமெரிக்காவில் சூதாட்ட விடுதிக் காவலாளிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வில், கண்முன்னே விழுந்து, 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஷாக் கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, வாசலில் நின்ற காவலாளிகள். ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

நெஞ்சு வலிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவரை அழுத்தக்கூடாது. அது ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம், ஆனால் இதயம் இன்னும் நிற்கவில்லை. உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், 'தனியாக இருக்கும்போது இருமினால் பிழைக்கலாம்' என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். இதயம் நின்றவருக்குச் சில விநாடிகளில் நினைவு போய்விடும், எங்கே இருமுவது?

ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன ஒருவர் குழாயடியிலேயே விழுந்துவிட்டார். நாங்கள் போனபோது சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஒருவன், கல்லூரி முகாமில் பழகியதை வைத்து, சட்டையெல்லாம் நனைய அழுத்திக்கொண்டிருந்தான். எப்போது விழுந்தார், எப்போது ஆரம்பித்தான் என்று கேட்டவுடன் சொன்னான். எங்களுக்கு அந்தக் கணக்குத்தான் முதலில் வேண்டும். இரண்டாவது ஷாக்கில் இதயத் துடிப்பு திரும்பியது. நாலு மாதம் கழித்து அந்தப் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். பையன் அழுத்தியதில் இடப்பக்க விலா இன்னும் தும்மினால் வலிக்கிறது என்று என்னிடம் புகார் சொன்னார்.