பிரெஞ்சுப் பெயர் நிறுத்திய மேப்

புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதிகளை மேப்பில் காட்டும் பக்கம் ஒன்று எழுதியிருந்தேன். டேட்டாபேஸில் இருக்கும் பெயரை, சர்வரில் ஓடும் பிஎச்பி எடுத்து, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதித் தரும். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலையில் தம்பி போன் செய்தான்: "அண்ணே, மேப்பே வரல, வெறும் வெள்ளையா இருக்கு."

பிரவுசரில் சோர்ஸைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் சேர்த்த விடுதிக்குப் பிரெஞ்சுப் பெயர், நடுவில் ஓர் அப்பாஸ்ட்ரஃபி (ஒற்றை மேற்கோள் போன்ற ' குறி). நான் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எக்கோ செய்திருந்தேன், அதாவது அப்படியே எழுதவிட்டிருந்தேன்; அப்பாஸ்ட்ரஃபியை மூடும் மேற்கோள் என்று எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து) அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு சின்டாக்ஸ் பிழை போதும், அந்த ஸ்கிரிப்ட் முழுவதும் ஓடாது. நம்ம ஊரில் இப்படிப்பட்ட பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு, முன்பே யோசித்திருக்க வேண்டும்.

முதலில் ஆட்ஸ்லாஷஸ் போட்டேன்; மேற்கோளுக்கு முன் \ குறி சேர்க்கும் பிஎச்பி ஃபங்ஷன் அது. பெயர் தப்பியது. ஆனால் இரண்டு வரியில் டைப் செய்த முகவரி மறுபடி உடைத்தது, ஏனென்றால் ஆட்ஸ்லாஷஸ் புது வரிக் குறியைத் தொடுவதில்லை; ஒற்றை மேற்கோள் ஸ்ட்ரிங்குக்குள் வரி உடைந்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது.

மேற்கோளை நாமே போடாமல், மதிப்பை அப்படியே ஜேசன்_என்கோடிடம், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் வடிவில் எழுதித் தரும் பிஎச்பி ஃபங்ஷனிடம், கொடுத்துவிட வேண்டும். மேற்கோள், புது வரி, எண், பட்டியல் எல்லாவற்றையும் அதுவே சரியாக எழுதும். < > குறிகளை மாற்றி எழுதும் ஜேசன்_ஹெக்ஸ்_டேக் கொடியையும் (ஃப்ளாக்) சேர்த்தேன். பெயருக்குள் யாராவது ஸ்கிரிப்ட் டேக் எழுதினாலும் பக்கம் உடையாது.

இன்னொன்று: பழைய எக்செல் கோப்பிலிருந்து வந்த ஒரு பெயர், ஜேசன்_என்கோட் எதிர்பார்க்கும் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் இல்லை. அதனால் ஜேசன்_என்கோட் பெயருக்குப் பதில் ஃபால்ஸ் திருப்பியது; அதை எக்கோ செய்தால் எதுவும் எழுதாது. சமக்குறிக்குப் பின் வெற்றிடம், மீண்டும் வெள்ளைப் பக்கம். பிஎச்பி 7.3-இல் வந்த ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் கொடியைப் போட்ட பிறகு, பிழை சர்வரிலேயே நின்று காரணத்தைச் சொல்கிறது.