டிக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதுகிறார்கள்?

வண்டியை நிறுத்தி டிக்கெட் (போக்குவரத்து அபராதச் சீட்டு) எழுதும் போலீஸ்காரர், தன் பிரதியின் பின்பக்கத்திலோ குறிப்பேட்டிலோ நாலு வார்த்தை சேர்த்துக் குறித்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம்: "வாக்குவாதம் செய்தார்", "வேகத்தை ஒப்புக்கொண்டார்". கோர்ட்டில் விசாரணை வருவதற்குள் அவர் எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருப்பார். அமைதியாகப் பேசியவர் முகம் மறந்துபோகும். கத்தியவரை அந்தக் குறிப்பே ஞாபகப்படுத்திவிடும்.

ஆகவே இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, இன்ஜினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். கைகள் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். லைசென்ஸ் டாஷ்போர்டு அறையில் இருந்தால், சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். சொல்லாமல் குனிவதுதான் பதற்றத்தைக் கிளப்பும்.

"ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" என்ற கேள்விதான் முக்கியம். "கொஞ்சம் வேகமா வந்துட்டேன் போல" என்று வாய்தவறிச் சொன்னால்கூட ஒப்புதலாகப் பதிவாகிவிடும். "நீங்களே சொல்லுங்க சார்" போதும். கையெழுத்துக் கேட்டால் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள். பல இடங்களில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.

அவர் போனதும், அங்கேயே, நீங்களும் எழுதுங்கள்: நேரம், எந்த லேன், மழையா வெயிலா, வேகவரம்புப் பலகையை மறைத்த மரக்கிளை. கிளையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் வெட்டியிருப்பார்கள்.