குளிர்ல கேபிள் இழுக்கப் போறீங்களா, முதல்ல இதப் பாருங்க

சாதாரண பிவிசி கேபிள் 0 டிகிரிக்குக் கீழ போனா விறைச்சுக்கும், இன்னும் குளிர்ந்தா வளைக்கும்போதே இன்சுலேஷன் (கம்பி மேல இருக்கிற உறை) பட்டுனு விரிசல் விட்டுரும், அதனால கேபிள் சுத்தியிருக்கிற டிரம்ம ஒரு நாள் முழுக்க சூடான ரூம்ல வச்சுட்டு (வெளிய மட்டும் சூடானா பத்தாது, உள் சுத்தும் சூடாகணும்) வெளிய எடுத்ததும் மளமளனு இழுத்து முடிச்சிருங்க. டிரம்ம கீழ போடாதீங்க, வளைவ பெருசா விடுங்க. ஏற்கனவே போட்ட கேபிள அசைக்காம விட்டா பெரும்பாலும் தாங்கும்.

மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கானு அளக்குற மீட்டர்) ரீடிங்க மட்டும் நம்பிராதீங்க ப்ளீஸ், குளிர்ல இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் தானாவே கூடுதலா காட்டும், விரிசலுக்குள்ள உறைஞ்ச தண்ணியும் கரன்ட் லீக்கேஜ காட்டாது, ஐஸ் உருகினப்புறம்தான் பிரேக்கர் ட்ரிப் ஆகும், அதனால வெயில் வந்ததும் இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணுங்க. அடிக்கடி அசையுற இடத்துக்கு சிலிக்கான் ரப்பர் மாதிரி குளிர் தாங்குற கேபிள் போடுங்க, சிலிக்கான் மைனஸ் 50 டிகிரிலயும் வளையும்.