பெண்கள் கூடிப் பேச ஓர் இடம்: உங்கள் தெருவில் கூட்டம் தொடங்குவது எப்படி?

மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இன்று அரிது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு அது. பெண்கள் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் வந்து உட்காருவதை அது வழக்கமாக்கியது. ஆனால் அங்கே பெரும்பாலும் பேசப்படுவது சேமிப்பு, கடன், தவணை. உடம்புக்கு என்ன, வீட்டுக்குள் என்ன நடக்கிறது, அப்பா சொத்தில் பங்கு உண்டா என்பதையெல்லாம் பேசத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். அதை மாதம் ஒருமுறை, பதினைந்து இருபது பேரோடு, ஒன்றரை மணி நேரம் நடத்துவது எப்படி என்று முதன்முறை முயல்பவர்களுக்காக எழுதுகிறேன். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 181 என்ற பெண்களுக்கான உதவி எண் பலருக்குத் தெரியும். அந்த எண்ணுக்குப் போன் போட்ட பிறகு தன் பக்கம் யார் நிற்பார்கள் என்பது தெரியாததால்தான் நிறைய பேர் போடுவதில்லை. அந்தத் துணையை உண்டாக்குவதே கூட்டத்தின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

1. முதலில் இரண்டு பேர் சேருங்கள்

தனியாகத் தொடங்க வேண்டாம். ஒருவர் பேச்சை நடத்த, ஒருவர் குறிப்பெடுக்க. இருவரும் வெவ்வேறு தெருவாகவோ, முடிந்தால் வெவ்வேறு சாதியாகவோ இருப்பது நல்லது. பிறகு வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்கள். சுய உதவிக் குழுவில் இல்லாதவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள்: கணவரை இழந்தவர், புதிதாக வாழ வந்த மருமகள், கடன் கட்ட முடியாமல் குழுவிலிருந்து விலகியவர், வாடகை வீட்டுக்காரர். நம் கூட்டம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

குழுவின் வரவு செலவு பார்க்கும் நாளில் இந்தக் கூட்டத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். தவணை பாக்கி வைத்திருப்பவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டார்.

2. இடமும் நேரமும்

யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதைப் பாதி முடிவு செய்வது இடம்தான். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பெண்கள் வாசலிலேயே தயங்குவார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் வீட்டுப் பெண்களும் அப்படியே. ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் அந்த வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் வரமாட்டார். அங்கன்வாடி, ஊராட்சி நூலகம், பள்ளிக்கூட வராந்தா போன்ற பொது இடமே சரி. உரியவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். தரையில் வட்டமாக உட்காருங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போட்டால் நடத்துபவரும் நாற்காலியில் உட்காரக் கூடாது.

நேரத்துக்கு, முதலில் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தைக் கேளுங்கள். அந்த நேரத்தில் யாரும் வீட்டை விட்டு நகரமாட்டார்கள். அடுப்பு எரியும் மாலை ஆறு முதல் எட்டு வரை வேண்டாம். 100 நாள் வேலைக்குப் போகும் ஊர் என்றால், வேலை முடிந்து வந்து கை கால் கழுவிய பிறகு நேரம் கிடைக்கும். மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் அதிகம் என்றால் ஞாயிறு மதியம்.

3. தொடங்குமுன் மூன்று ஒப்பந்தம்

இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும். போட்டோ, ரெக்கார்டிங், வாட்ஸப் எதுவும் வேண்டாம். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும், ஏற்கெனவே கேட்டவர்கள் சலித்துக்கொண்டாலும், இதைத் திரும்பச் சொல்லுங்கள்.

குழந்தைகளைப் பற்றியும் யோசியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லும். ஒருவர் அவர்களை வெளியே அழைத்துப் போய் விளையாட வைக்கட்டும். மாதம் ஒருவராக இந்தப் பொறுப்பு மாறட்டும்.

மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால்? ஒருவரைப் பற்றி ஒருவர் பேச அது இடமில்லை. இரண்டு வட்டமாகப் பிரித்து, இளம் பெண்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் உட்கார வைப்பது எளிய வழி. மாமியார்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. முப்பது வருடமாக யாரும் கேட்காதது.

4. முதல் கேள்வி

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் பதில் வரும். நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: "நேத்து மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

யாரையும் உறுத்தாத கேள்வி. வரிசையாகப் பதில் வரும். "மூணு மணி இருக்கும்." "நான் நாலுக்கு மேலதான், ஆடு ஓட்டிட்டு வந்துட்டு." "நேத்து சாப்பிடல, டீ குடிச்சேன்." அப்புறம் அடுத்தது: "என்ன சாப்பிட்டீங்க?" பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வைத்த பிறகு மீந்த சோறும் ரசமும் என்பார்கள். முட்டை யாருக்குப் போனது என்று கேளுங்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாராவது ஒருவர், "எனக்கு எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதுக்கா" என்று தொடங்குவார். அங்கிருந்து பேச்சு தானாக நகரும்.

இப்போது நீங்கள் தகவலைச் சொல்லலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த அளவு 11. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அங்கே தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நல்லது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். பலர் இரண்டே நாளில் மாத்திரையை நிறுத்துவதற்கு இந்தப் பயம் ஒரு காரணம்.

5. ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள்

எல்லாச் சட்டத்தையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் மாதம் ரத்தசோகை என்றால் அடுத்த மாதம் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள். கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டால் வருவார். அவர் பேசுவது இருபது நிமிடம், பெண்கள் கேட்பது நாற்பது நிமிடம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு மாதம் வேலையிடத்துப் பாலியல் தொல்லை: 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். சிறிய இடங்களில் வேலை செய்பவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சொத்துரிமைக்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்குங்கள். பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல், அறுபது ஆண்டு கழித்து. அதுவும் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2005-இல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

பெண்கள் பங்கை இழப்பது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரத்தில். "சும்மா ஒரு கையெழுத்து, லோன் வாங்கணும்" என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். கூடப்பிறந்தவரிடம் இல்லையென்று சொல்ல வாய் வராது. "தாய்வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே" என்ற பயம் உண்மையானது. அதைச் சட்டம் பேசி அடக்காமல் கேளுங்கள். பங்கை வாங்குவதா, விட்டுக்கொடுப்பதா என்பது அவர் முடிவு. பத்திரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதை மட்டும் எல்லோரும் மனதில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

6. அடி உதை பற்றி ஒருவர் சொன்னால்

சொல்லும் நாள் வரும். இங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும். வட்டத்தில் வைத்து மேலே மேலே கேள்வி கேட்காதீர்கள். "பிள்ளைக்காக அனுசரிச்சுப் போ" என்று யாராவது சொன்னால் மரியாதையாக நிறுத்துங்கள். "விட்டுட்டு வந்துடு" என்றும் சொல்லாதீர்கள். கூட்டம் முடிந்தபின் தனியாக உட்கார்ந்து, "இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போறதுல பயமிருக்கா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்தது.

அவருக்குத் தெரிய வேண்டியவை: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, வசவும், பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான். வீடு யார் பேரில் இருந்தாலும் சட்டப்படியான உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181-க்கு எந்நேரமும் பேசலாம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க இடமும் உண்டு. வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம். டாக்டர் கேட்டு எழுதும் காரணம் பின்னால் வழக்கில் சாட்சியாக வரும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வைத்திருக்கட்டும்.

நீங்கள் கணவரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகாதீர்கள். அது கட்டப்பஞ்சாயத்தாக முடியும். அன்றிரவு அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும்.

7. துணைக்கு யார்?

கடைசிப் பத்து நிமிடம் இதற்கு மட்டும். இந்த மாதம் யாருக்கு எங்கே போக வேண்டும், கூட யார் போகிறார்? ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பேர், தாலுகா அலுவலகத்துக்கு ஒருவர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஒருவர் என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி யார் சொன்னதையும் அந்த நோட்டில் எழுதக் கூடாது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக வர பெரிய செலவும் கிடையாது. அடுத்த கூட்டம் நோட்டின் இந்தப் பக்கத்தை வாசித்துத்தான் தொடங்க வேண்டும்.

8. ஊருக்குப் பொதுவானதைக் கிராம சபைக்கு

தெருவிளக்கு, கழிப்பறை, பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கும் சாராயத் தொல்லை போன்றவை தனி ஒருவர் பிரச்சினை அல்ல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பத்துப் பேராகச் சேர்ந்து போய், ஒன்றாக உட்காருங்கள். கோரிக்கையை இரண்டு வரியில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் வருகைப் பதிவேட்டை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டு வந்து கையெழுத்துக் கேட்பார்கள்; கூட்டத்துக்குப் போகாமல் போடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பிறகு தீர்மான நகல் கேட்டு மனு கொடுங்கள். கையில் கிடைத்ததும் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம்.