படிவத்தில் உங்கள் நம்பரை எழுதாதீர்கள்

போன வாரம் பாலக்கோட்டில் ஒரு பேங்க் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி, கூடவே எண்பது வயதிருக்கும் ஒரு தாத்தா. பெரியவர்களின் பென்ஷன், பாஸ்புக், வரி ரசீது வேலைகளைக் கூலிக்குப் பார்த்துக் கொடுக்கும் தொழிலுக்கு அந்தத் தம்பி புதிது என்று பார்த்ததுமே தெரிந்தது. படிவத்தில் செல்போன் எண் கட்டம் வந்தது. தாத்தாவிடம் போன் இல்லை. தம்பி யோசிக்கவே இல்லை, தன் நம்பரை எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி எழுதியவன்தான்.

ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது ஏடிஎம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தத் தம்பி மாதிரி இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நம்பரைக் கொடுப்பது

நான் இந்த வேலையை ஆரம்பித்தபோது காரிமங்கலம் பக்கத்தில் ஒரு ஆயா. புளி தட்டிக் கொட்டை எடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர். அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் வந்தது. கையில் போன் கிடையாது. என் நம்பரை எழுதினேன். அந்த வருஷம் மட்டும் பதினோரு பேருக்கு அப்படியே எழுதினேன்.

பென்ஷன் விழும் நாளில் என் போன் மழைக்காலத் தவளை மாதிரி கத்தும். மெசேஜில் கணக்கு எண்ணின் கடைசி சில இலக்கம்தான் இருக்கும், யாருடையது என்று எனக்கே புரியாது. ரெண்டு மாதத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அப்புறம் வேறு சிம் வாங்கினேன். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போடவில்லை. துண்டித்த நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஆயா ஊரில், ஆதார் கைரேகை வைத்து பேங்க் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் கடை ஒன்று இருந்தது. புளியில் தேய்ந்த விரல், ரேகை லேசில் பதியாது. "விழல ஆயா, இன்னொரு தடவ வை" என்பான் கடைக்காரன். ஆயா விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். பணம் ரெண்டு தடவை போகும். கைக்கு வருவது ஒரு தடவைப் பணம். நாலு மாதம் கழித்து என்ட்ரி போட்டபோது பாஸ்புக்கில் ஒரே தேதியில் ஜோடி ஜோடியாக வரிகள். மொத்தம் 11,500 ரூபாய்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி போட்டது. வங்கிமேலும் வாடிக்கையாளர்மேலும் தப்பில்லாத மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை. ஏழு வேலை நாள் வரை என்றால் ஒரு வரம்புக்கு உட்பட்டு அவர் தலையில். அதையும் தாண்டினால் அந்த வங்கி வைத்திருக்கும் கொள்கைப்படி. நாங்கள் புகார் கொடுத்தபோது பேங்க்கிலிருந்து வந்த பதில் ஒரே வரி: பதிவு செய்த எண்ணுக்கு அன்றன்றே தகவல் அனுப்பப்பட்டுள்ளது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த ஆயாவின் மகன் போன் போட்டு முதலில் கேட்டது, "அண்ணா, அந்த நம்பர் உங்களதுதானே?" எடுத்தவன் எவனோ. பதில் இல்லாமல் நின்றவன் நான்.

ஒரு பட்டன் போன், அவர் பெயரில் ஒரு சிம், சிம் சாகாமலிருக்க ரீசார்ஜ். இந்தச் செலவை வீட்டாரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பேங்க்கில் ஒரு பதிவு, ஆதாரில் ஒரு பதிவு. ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் மாறாது. ஆதாரில் அவர் நம்பர் இருந்தால் கைரேகையைப் பூட்டியும் வைக்கலாம். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது, அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "ஆயாவுக்குப் படிக்கத் தெரியாதே" என்பார்கள். படிக்கவே வேண்டாம். சத்தம் வந்தால் பேத்தியிடம் காட்டினால் போதும். ரேகை விழவில்லை என்று கடைக்காரன் சொல்லும்போதே மடியில் போன் கத்தினால், விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். அப்படி நடந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் பேங்க்குக்கும் சொல்லுங்கள்.

ஏடிஎம் கார்டு

அவர்களுடைய கார்டை உங்கள் கையில் வாங்கி வைக்காதீர்கள். ஒரு ராத்திரிக்குக்கூட.

பவர் இருக்கிறது என்ற தைரியம்

பவர் என்பது தன் சார்பில் வேலை பார்க்க ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிஷமே அது வெறும் காகிதம். அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லாமல் போனாலும் அப்படித்தான். அதற்குப் பிறகும் அதைக் காட்டிப் பணம் எடுத்துவிட்டு, "காரியச் செலவுக்குத்தானே" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரிசுகள் சண்டைக்கு நிற்கும்போது முதலில் இழுபடுவது எடுத்தவர்தான்.

நாமினியே சொந்தக்காரர் என்று சொல்லி வைப்பது

நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். யாரைப் போடுவது என்று நீங்கள் யோசனை சொல்லாதீர்கள்.

படுத்த படுக்கையானவரைத் தூக்கிக்கொண்டு போவது

பென்னாகரத்திலிருந்து ஆட்டோவில் தருமபுரி வரை ஒருவரைப் படுக்க வைத்துக் கூட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 70 வயது தாண்டியவர்களுக்கு அடிப்படை பேங்க் வேலையை வீட்டுக்கே வந்து செய்து கொடுக்க பேங்க்குகள் முயற்சி எடுக்க வேண்டும் என்று 2017லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட முடியாதவர் என்றால் பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை. சாட்சி ரெண்டு பேர், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி.

கணக்கு நோட்டு

வாங்கியதையும் கொடுத்ததையும் அன்றைக்கே எழுதுங்கள்.

கூலி

மாதக் கூலியைப் பேசி, வாங்கி, அதே நோட்டில் எழுதிவிடுங்கள். நான் எல்லா வீட்டிலும் வாங்குகிறேன். அந்த ஆயா வீட்டில் மட்டும் இன்னும் கேட்கவில்லை.